மன அழுத்தம் மனத்துக்குத் தெரியும் முன் எங்கெல்லாம் தெரிகிறது?

கேள்வி கேட்டவர் தம் நிலையைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். பெரிய இழப்போ சண்டையோ கடன் தொல்லையோ அவருக்கு இல்லை. வேலை வழக்கம்போல் நடக்கிறது. ஆனால் சில மாதங்களாக விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது, வயிறு அடிக்கடி கோளாறு செய்கிறது, அற்ப விஷயங்களுக்கெல்லாம் குரல் உயர்ந்துவிடுகிறது. மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்ததில் குறை எதுவும் தெரியவில்லை. ‘ஸ்ட்ரெஸ்ஸாக இருக்கும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ‘எனக்கு எந்த டென்ஷனும் இருப்பதாகத் தோன்றவில்லையே, தோன்றாத ஒன்று எப்படி இருக்க முடியும்? இருந்தால் அன்றாடத்தில் அதை எப்படி அடையாளம் காண்பது?’ என்பது அவருடைய கேள்வி.

தோன்றாமலே இருக்க முடியும்; பலருக்கும் அப்படித்தான் இருக்கிறது. மன அழுத்தம் என்றாலே படபடப்பு, பயம், அழுகை என ஏதாவது ஓர் உணர்ச்சியாகத்தான் வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். உண்மையில் அது உடல் முழுவதும் நடக்கும் ஓர் ஏற்பாடு. உணர்ச்சி அதன் ஒரு பகுதி, அதுவும் பலருக்குக் கடைசியாக வந்து சேரும் பகுதி. எனவே ‘நான் அழுத்தத்தில் இருக்கிறேனா?’ என்று மனத்தைக் கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். அதைவிட, என் வழக்கமான நடவடிக்கைகளிலிருந்து நான் எங்கெங்கே விலகியிருக்கிறேன் என்றும், ஒரு சிரமம் முடிந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றும் கேட்டுக்கொள்வது பயன்தரும். இரண்டில் பின்னதற்கே நான் அதிக மதிப்புத் தருவேன். ஏன் என்பதற்கு உடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆபத்தைக் கண்டதும் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் வால்டர் கேனன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கினார். நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் பரிவு நரம்பு மண்டலமும் அட்ரினலினும் நொடிகளில் இயங்கத் தொடங்கி, இதயத் துடிப்பை விரைவாக்கி, தசைகளை இறுக்கி, செரிமானத்தைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. இதற்குப் பின்னால் மெதுவாக நகரும் இன்னொரு பாதையும் உண்டு. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்ட, அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. நெருக்கடி தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் கழித்துத்தான் அதன் அளவு உச்சத்தைத் தொடும். அதற்குள் அந்தக் கூட்டமோ தொலைபேசிப் பேச்சோ முடிந்துபோயிருக்கலாம். 1936ஆம் ஆண்டு ‘நேச்சர்’ அறிவியல் இதழில் மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே வெளியிட்ட குறுங்கட்டுரை, குளிர், காயம், நச்சு என்று காரணம் எதுவாக இருந்தாலும் எலிகளின் உடலில் ஒரே வகை மாற்றங்கள் தோன்றுவதைக் காட்டியது: அட்ரீனல் சுரப்பி பெரிதாகிறது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது, இரைப்பையில் புண் உண்டாகிறது. காரணம் பலவாக இருக்க விளைவு ஒன்றுபோல் இருப்பதால்தான், விளைவைப் பார்த்தே அழுத்தத்தைக் கண்டுகொள்ள முடிகிறது.

இந்த ஏற்பாடு தன்னளவில் கெட்டது இல்லை. ஓர் உரைக்கு முன் நெஞ்சு படபடப்பதும், பேசி முடித்த ஒரு மணி நேரத்தில் அது அடங்குவதும் ஆரோக்கியத்தின் அடையாளம். ஏறியது இறங்காதபோதுதான் சிக்கல். அடிக்கடி ஏறுவது, பழகிய பின்னும் அதே வேகத்தில் ஏறுவது, முடிந்த பின்னும் அணையாமல் இருப்பது ஆகியவற்றால் உடலில் சேரும் தேய்மானத்தைப் பற்றி 1990களிலிருந்து நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்யூவன் விரிவாக எழுதினார். அன்றாடத்தில் நாம் கவனிக்க வேண்டியதும் இதுதான். காலையில் கேட்ட ஒரு சொல் இரவுவரை மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறதா? விடுமுறையின் முதல் நாளிலேயே தோள் தளர்கிறதா, அல்லது கடைசி நாளில்தான் தளரத் தொடங்குகிறதா?

மனம் இதைத் தவறவிடுவதற்கு முதல் காரணம், மாற்றம் மிக மெதுவாக வருவது. நேற்றோடு ஒப்பிட்டால் இன்று எதுவும் மாறியிருக்காது. அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. ஒவ்வோர் அறிகுறிக்கும் நாம் ஒரு தனிக் காரணத்தைக் கையில் வைத்திருக்கிறோம். வயிறு சரியில்லை என்றால் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை; கழுத்து வலித்தால் தலையணை சரியில்லை; தூக்கம் கெட்டால் வயதாகிறது; கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் அப்படி நடந்துகொள்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான விளக்கங்கள்தான். நான்கும் ஒரே மாதத்தில் ஏன் வந்தன என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

பெரிய காரணத்தைத் தேடுவதும் நம்மைத் திசை திருப்புகிறது. 1967ஆம் ஆண்டு தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே இருவரும் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் கொடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50, விடுமுறைப் பயணத்துக்குக்கூட 13. மகிழ்ச்சியான மாற்றமும் உடலுக்குச் செலவுதான் என்பதை அது நன்றாகக் காட்டியது. ஆனால் 1981ஆம் ஆண்டு ஆலன் கேனரும் ரிச்சர்ட் லாசரஸும் தம் குழுவினரோடு செய்த ஆய்வில், மன நலக் குறைபாடுகளைப் பெரிய நிகழ்வுகளைவிட அன்றாடச் சிறு தொல்லைகளே நன்றாக முன்கூட்டிக் காட்டின. பொருளைத் தேடி எடுக்க முடியாமை, முடியாமல் தொங்கும் வேலை, காத்திருப்பு, சத்தம், யாரோ ஒருவருடைய முகக்கோணல் போன்றவை ஒவ்வொன்றும் சொல்லிக்கொள்ளும்படி பெரிதல்ல. அதனால்தான் ‘எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை’ என்று ஒருவரால் உண்மையாகவே சொல்ல முடிகிறது.

உடலில் பார்க்க வேண்டிய இடங்களில் தாடையை முதலில் சொல்வேன். இதை வாசிக்கும் இந்த நொடியில் உங்கள் மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மெல்லாமல், விழுங்காமல் இருக்கும் நேரத்தில் உதடுகள் மூடியிருந்தாலும் பல்வரிசைகளுக்கிடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயல்பு. தாடையை நாள் முழுவதும் கடித்துப் பிடித்திருப்பவருக்கு அது தெரிவதே இல்லை; தெரிவதெல்லாம் அதன் தடயங்கள்தாம். நாக்கின் ஓரத்தில் பற்களின் அச்சு, கன்னத்தின் உட்புறம் நீளவாக்கில் ஒரு வெண்கோடு, காலை எழும்போது நெற்றிப்பொட்டில் மந்தமான வலி, கொட்டாவி விடும்போது காதருகே ஒரு சொடுக்கு. ஒருவர் அழுத்தத்தில் இருப்பதை முதலில் கண்டுபிடிப்பவர் சில நேரங்களில் அவருடைய பல் மருத்துவர் என்பதில் வியப்பில்லை.

தோள்பட்டையும் இதே கதைதான். கணினித் திரையைப் பார்க்கும்போது தோள்கள் காதை நோக்கி மெல்ல ஏறிவிடும்; கீழே இறக்கிவிட்டால் சிறிது நேரத்தில் மறுபடி ஏறியிருக்கும். தலையைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோன்ற வலி மாலையில் வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மூச்சில் பார்க்க வேண்டியவை, காரணமில்லாத பெருமூச்சும், கடினமான ஒன்றைப் படிக்கும்போதோ தட்டச்சு செய்யும்போதோ மூச்சை அறியாமல் பிடித்துக்கொள்வதும்.

வயிற்றைப் பற்றிக் கேள்வியிலேயே குறிப்பு இருப்பதால் அதைச் சற்று விளக்கலாம். அழுத்தத்தின்போது மூளை அனுப்பும் சமிக்ஞைகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. அதே வேளையில் பெருங்குடலின் அசைவை விரைவுபடுத்துகின்றன. சாப்பிட்டது மேலே கல்லாக நிற்க, கீழே அவசரமாகக் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும் முரண்பாடு இப்படித்தான் நேர்கிறது. இரத்தப் பரிசோதனையில் இது தெரியாது; சோதனை சரியாக இருக்கிறது என்பதால் அந்த வயிற்றுவலி கற்பனை என்றாகிவிடாது.

அடிக்கடி சளி பிடிப்பதும் கவனிக்கத் தக்கது. ஷெல்டன் கோஹென் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான ஏறத்தாழ 400 பேரின் மூக்கில் சளி வைரஸ்களை விட்டுப் பார்த்தபோது, அழுத்தம் அதிகமிருந்தவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. 1995ஆம் ஆண்டு ஜானிஸ் கீக்கோல்ட்-கிளேசர் குழு, மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்துவந்த பெண்களின் தோலில் ஒரு சிறு காயம் ஏற்படுத்திக் கவனித்தது. அந்தச் சுமை இல்லாத அதே வயதுப் பெண்களைவிட அவர்களுக்குக் காயம் ஆற ஏறத்தாழ 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. பராமரிப்பவர்கள் தங்களைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வது அரிது என்பதை நினைத்தால், காயம் அவர்களுக்காகப் பேசியது என்றே சொல்லத் தோன்றுகிறது.

காலம் தள்ளி வருபவையும் உண்டு. முடி கொத்துக்கொத்தாக உதிர்வது பெரும்பாலும் கடுமையான காலம் கடந்து 2, 3 மாதங்கள் கழித்துத்தான். அப்போது வாழ்க்கை அமைதியாக இருப்பதால் எண்ணெயின் மேலோ தண்ணீரின் மேலோ பழி விழும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் எழுதிவந்த நாட்குறிப்புகளை வைத்து 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அழுத்தம் ஏறும்போதைவிட அது சட்டென்று இறங்கும்போது வலி வரும் ஆபத்து கூடுவதைக் காட்டியது. தேர்வு முடிந்த மறுநாள், திட்டத்தை ஒப்படைத்த மறுநாள், விடுமுறையின் முதல் நாள் படுத்துவிடுகிறவர்கள் தங்கள் நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இனி மூளையின் வேலை. முன்மூளைப் புறணி என்ற பகுதிதான் பலவற்றை ஒரே நேரத்தில் நினைவில் தாங்கவும், முன்னுரிமை தீர்மானிக்கவும், வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் அடக்கவும் நமக்கு உதவுகிறது. கட்டுப்படுத்த முடியாத அழுத்தத்தில் முதலில் தளர்வது அதுவே என்பதை ஏமி ஆர்ன்ஸ்டன் போன்ற நரம்பியல் அறிஞர்களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அது தளர்ந்ததும் பழக்கம் ஆட்சிக்கு வருகிறது. அன்றாடத்தில் இது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சின்னக் காட்சி போதும். இரண்டு வரியில் முடிய வேண்டிய ஒரு மின்னஞ்சல். ‘சரி, நாளை அனுப்புகிறேன்’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘நாளை’யை அழித்து ‘நாளை மாலைக்குள்’ என்று மாற்றுகிறார். ‘சரி’ என்பது அலட்சியமாகப் படுமோ என்று ‘நன்றி’ சேர்க்கிறார். அது குழைவாகத் தோன்ற, எடுத்துவிடுகிறார். அனுப்பியபின், அனுப்பியவற்றின் பட்டியலுக்குப் போய் அதை மறுபடி படித்துப் பார்க்கிறார். அவரைக் கேட்டால் அன்று வேலை நன்றாக நடந்தது என்பார், பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டு வரிக்குக் கால் மணி நேரம் போயிருக்கிறது, ஆறு மாதத்துக்கு முன் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. வேலையின் அளவு குறையாமல் அதற்குத் தரும் விலை கூடியிருப்பது, திறமையாக இயங்கும் மனிதர்களிடம் நான் காணும் மிகத் தெளிவான அடையாளம்.

அறைக்குள் வந்து எதற்கு வந்தோம் என்று நிற்பது, ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பது, எந்த அறிவிப்பும் வராத கைப்பேசியைத் திறந்து மூடுவது, என்ன சாப்பிடுவது என்ற கேள்விகூடச் சலிப்பூட்டுவது ஆகியவையெல்லாம் இதே வகை. இவை எல்லோருக்கும் எப்போதாவது நடப்பவைதாம். ‘எப்போதாவது’ என்பது ‘தினமும்’ ஆகியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோபத்தைப் பொறுத்தவரை, எவ்வளவு வருகிறது என்பதைவிட யார்மேல் வருகிறது என்பது அதிகம் சொல்லும். மேலதிகாரியிடமும் வாடிக்கையாளரிடமும் நாள் முழுவதும் பொறுமையாகப் பேசியவர், வீட்டில் ஒரு கதவு சத்தமாக மூடப்பட்டதற்கு வள்ளென்று விழுகிறார். பொறுமையைக் காக்கும் திறன் செலவாகித் தீர்ந்த இடத்தில், விலகிப் போகமாட்டார்கள் என்று நம்புகிறவர்கள்மேல்தான் மிச்சம் கொட்டப்படுகிறது. குழந்தைகள் ஒரு கேள்வி கேட்கும் முன் முகத்தைப் பார்த்துத் தயங்கத் தொடங்கியிருந்தால், அதைவிடத் தெளிவான அளவுகோல் வேறு தேவையில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கண்டுபிடிக்கக் கடினமானது, புதிதாக வந்தவற்றைக் காட்டிலும், காணாமல் போனவை. இருப்பது கண்ணில் படும், இல்லாதது படாது. சமைக்கும்போதோ குளிக்கும்போதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. வேடிக்கையாக ஒன்றைச் சொல்வது, காரணமின்றி ஒரு நண்பரை அழைத்துப் பேசுவது, வழக்கமான பாதையை விட்டு வேறு தெரு வழியாக நடந்து பார்ப்பது, பயனில்லாத ஒரு விஷயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது போன்றவை எவராலும் கேட்டு வாங்கப்படாதவை. ஆகவே நெருக்கடியில் அவைதாம் முதலில் வெட்டப்படுகின்றன, வெட்டியதற்கு யாரும் கணக்குக் கேட்பதுமில்லை. ஆறு மாதத்துக்கு முன் செய்துகொண்டிருந்து இப்போது செய்யாத, யாரும் கட்டாயப்படுத்தாத மூன்று காரியங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டால், பலர் நீண்ட நேரம் யோசிக்கிறார்கள்.

தூக்கத்தில், படுத்தவுடன் வராமல் போவது ஒரு வகை. அயர்ந்து தூங்கி மூன்று நான்கு மணிக்கு விழித்துவிடுவது இன்னொரு வகை. இரவின் பின்பாதியில் தூக்கம் மெலிதாகிறது, கார்ட்டிசாலும் காலையை நோக்கி ஏறத் தொடங்குகிறது. வழக்கமாகப் புரண்டு படுத்துத் தொடரக்கூடிய சிறு விழிப்பு, அழுத்தத்தில் இருப்பவருக்கு முழு விழிப்பாகிவிடுகிறது. அந்த நேரத்தில் தோன்றும் கவலைகளின் பருமனை நம்ப வேண்டாம். விடிந்ததும் அவை பாதியாகச் சுருங்கிவிடும்.

கண்டுகொள்ளும் முறை எளியதாக இருந்தால்தான் நிலைக்கும். ஒரு நாளில் மூன்று வேளை, குறித்த நேரத்தில், தாடை, தோள், மூச்சு, கடைசியாகப் பேசிய தொனி ஆகிய நான்கையும் பார்த்து ஒரே வரி எழுதி வையுங்கள். காரணம் எழுத வேண்டாம்; காரணம் தேடத் தொடங்கினால் பழைய விளக்கங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வாரம் கழித்துப் படித்தால் நேரமும் கிழமையும் மனிதர்களும் தாமாகவே வரிசை கட்டுவதைக் காணலாம். கூட இருப்பவரிடம் ‘நான் மாறிவிட்டேனா?’ என்று பொதுவாகக் கேட்டால் சங்கடமான மழுப்பல்தான் கிடைக்கும். ‘போன மாதம் எப்போதெல்லாம் என்னிடம் ஒன்றைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டாய்?’ என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும். ஷெல்டன் கோஹென் 1983ஆம் ஆண்டு உருவாக்கிய அழுத்த வினாத்தாளின் 10 கேள்வி வடிவமும் பரவலாகப் பயன்படுகிறது. கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்டு 0 முதல் 40 வரை மதிப்பெண் தரும். அது நோயைக் கண்டறியும் சோதனை அன்று, ஆனால் இரண்டு மாத இடைவெளியில் நிரப்பினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். கைக்கடிகாரங்கள் காட்டும் அழுத்த எண்ணைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. காய்ச்சலும் மதுவும் மாடிப்படியும்கூட அந்த எண்ணை மாற்றும், அதைப் பார்த்தே கவலைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. எதற்கும் அழுத்தமே காரணம் என்று முடித்துவிடுவது, அழுத்தத்தைக் கவனிக்காமல் இருப்பதைப் போலவே தீங்கு செய்யும். வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் அமிலமுமே காரணம் என்று பல பத்தாண்டுகள் மருத்துவ உலகமே நம்பியது. பெரும்பாலானவற்றுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா காரணம் என்று காட்டிய பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள். தைராய்டு கோளாறு, இரத்தச் சோகை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, சில மருந்துகளின் பக்க விளைவு ஆகியவையும் மேலே சொன்ன பல அடையாளங்களை அப்படியே காட்டக்கூடியவை. நெஞ்சுவலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல், மலத்தில் இரத்தம், முயலாமலே எடை குறைதல் ஆகிய எதையும் டென்ஷன் என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டமின்மையும் சோகமும் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிராமல் அன்றே உதவி நாட வேண்டும்.

கேட்டவரின் நிலைக்கு வருகிறேன். மூன்று அடையாளங்களும் ஒரே சில மாதங்களில் சேர்ந்து தோன்றியிருப்பதால் மருத்துவர் ஊகித்தது சரியாக இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஊகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு வாரக் குறிப்பை எழுதுங்கள். அதில், தொல்லை முடிந்தபின் தாடையும் குரலும் இயல்புக்கு வர எடுத்த நேரத்தையும் தோராயமாகக் குறியுங்கள். விடியுமுன் விழிக்கும் நாட்களுக்கு முந்தைய மாலை எப்படி இருந்தது என்று மட்டும் பின்னோக்கிப் பாருங்கள். பிறகு அந்தத் தாளோடு அதே மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள். என்னென்ன பரிசோதனைகள் செய்யப்பட்டன, தைராய்டு அவற்றில் இருந்ததா என்று அவரிடம் கேளுங்கள்; உங்களுக்குக் குறட்டை உண்டா என்று வீட்டில் விசாரித்து அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ஸ்ட்ரெஸ்ஸாக இருக்கும்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்த முதல் சந்திப்பைவிட அந்தச் சந்திப்பில் இருவருக்கும் பேச அதிகம் இருக்கும்.